நாலு வாசல் பெட்டி

எங்கள் குடும்பம் பதினேழு வருஷமாக எழுதிய, வாங்கிய அத்தனை கடிதங்களுக்கும் திருப்புளிக்காரி சொன்ன விலை நாலாயிரத்து எண்ணூறு. அம்மா இரண்டாயிரத்தில் ஆரம்பித்தாள்.

திருப்புளிக்காரி என்பது கடைத்தெரு வைத்த பெயர். தெருவிலிருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் வைத்தியம். கொண்டையில் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டு வருவாள்; திருகாணியே இல்லாத வேலைக்கும் அதோடுதான் வருவாள். பேச்சு குறைவு. பேரம் பேசிப் பிழைக்கிற எங்களுக்கு இது பெரிய தொந்தரவு. எதிராளி பேசப் பேசத்தானே விலை இறங்கும்?

"நாலாயிரத்து எண்ணூறா? ஏம்மா, நான் என்ன புது மெஷினா வாங்கறேன்? இருக்கறதை இடம் மாத்தத்தானே கூப்பிட்டேன்?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"மூட்டை தூக்கறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்."

"அப்ப அவரையே கூப்பிடுங்க. நாலு மெஷினையும் தூக்கி ஒரே ரூம்ல வெச்சிடுவாரு."

அம்மா பக்கத்தில் இருந்த பட்டன் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பதில் தோன்றாதபோது அவள் செய்கிற வேலை அது. அரைமணி நேரம் கழித்து நாலாயிரத்து முன்னூறில் முடிந்தது. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் இரண்டு தடவை சும்மா வந்து பார்க்க வேண்டும் என்பதையும் அம்மா உள்ளே நுழைத்துவிட்டாள். திருப்புளிக்காரி தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் முதலிலேயே நாலாயிரத்தைத்தான் மனசில் வைத்திருந்தாள் என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

எங்களுடையது பட்டன், ஜிப், நூல் மொத்த வியாபாரம். அப்பா காலமான பிறகு அம்மாதான் முதலாளி. நானும் அண்ணனும் சம்பளம் இல்லாத வேலையாட்கள். கடைக்கென்று ஒரே ஒரு மெயில் முகவரி. ஆனால் கம்ப்யூட்டர் நாலு: கல்லாவில் ஒன்று, எதிர்ச்சந்தில் இருக்கிற கிடங்கில் ஒன்று, வீட்டில் ஒன்று, அண்ணன் தோளில் தொங்கும் லேப்டாப் ஒன்று. பதினேழு வருஷத்துக்கு முன்னால் இந்த முகவரியை வாங்கியபோது அந்தக் கம்பெனிக்காரன், பெட்டியில் இவ்வளவுதான் இடம், அதற்கு மேல் போனால் மாத வாடகை என்றான். அம்மா கொதித்துவிட்டாள்.

"நம்ம சரக்கை ஊரான் கிடங்குல வெச்சிட்டு அதுக்கு வாடகை வேற கட்டணுமா? வந்த உடனே எடுத்துக்கிட்டு அவன் இடத்தைத் துடைச்சுக் குடுத்துடு!"

அப்படித்தான் செய்தோம். கடிதத்தை எடுத்தவுடன் அங்கே அழித்துவிடு என்று ஒரு கட்டம் இருக்கும். நாலு மெஷினிலும் அதில் டிக் அடித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தபால், கோழிக்குத் தானியம் இறைத்த கதை ஆயிற்று. எது முதலில் கொத்துகிறதோ அதற்கே. கல்லா மெஷின் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அள்ளும். அது மூச்சு விடுகிற இடைவெளியில் மற்ற மூன்றும் பொறுக்கும். ஒன்று விழுங்கியதை இன்னொன்று பார்க்க முடியாது. ஒன்றிலிருந்து அனுப்பிய பதிலும் அந்த ஒன்றில்தான் இருக்கும். ஒருமுறை ஒரே ஆளுக்கு நான் கல்லாவிலிருந்து குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன், அறுபது ரூபாய் என்று எழுதினேன். அண்ணன் வீட்டிலிருந்து ஐம்பத்திரண்டு என்று எழுதினான். அந்த ஆள் இரண்டு கடிதத்தையும் அச்செடுத்துக்கொண்டு நேரிலேயே வந்து, "ரெண்டு பேர்ல யாரு முதலாளி?" என்று கேட்டான். அம்மா ஐம்பத்திரண்டுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் எங்களோடு பேசவில்லை.

பதினேழு வருஷம் இப்படியே ஓடியது. அந்த மெயில் கம்பெனி மாதக் கடைசியோடு கடையைக் கட்டுகிறது என்று தகவல் வந்தது. முகவரி மாறியாக வேண்டும். அப்போதுதான் திருப்புளிக்காரி சொன்னாள்: கடை மாடியில் ஒரு பெட்டி வைக்கிறேன். எல்லாக் கடிதமும் அதில்தான் இருக்கும். மெஷின் எதுவும் எடுத்துக்கொண்டு போகாது, பார்த்துவிட்டு மட்டும் போகும். நாலு மெஷினில் கிடக்கிற பழையதையும் அதிலேயே ஏற்றிவிடலாம்.

புது முகவரியை அறுநூற்றுச் சொச்சம் பேருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. பட்டியலை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக எதுவும் வாங்காதவர்களை அடித்தாள். வாங்கிவிட்டு ஏமாற்றியவர்களை அடிக்கவில்லை. "அவங்களுக்கு முகவரி தெரிஞ்சே ஆகணும்" என்றாள். நாலாம் பக்கத்தில் என் தங்கையின் பெயர் வந்தது. பென்சில் நின்றது. பிறகு ஒரு கோடு. மற்றவர்களுக்குப் போட்டதைவிட அழுத்தமான கோடு.

அவளை நாங்கள் சின்னவள் என்போம். பட்டனில் எங்கள் மூவரையும்விட அவளுக்குத்தான் கை. விரலில் உருட்டிப் பார்த்தே எந்த அச்சு, எந்தச் சாயம் என்று சொல்லிவிடுவாள். கடல் தாண்டி ஒரு பெரிய ஆடைக் கம்பெனியில் சரக்குப் பரிசோதிக்கும் வேலை கிடைத்துப் போனாள். அவள் போன ஐந்தாம் மாதம் அந்தக் கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய முன்னூறு குரோஸ் பச்சை பட்டன், சாயம் போகிறது என்று திரும்பி வந்தது. கூடவே வந்த தாளில் பரிசோதித்தவர் கையெழுத்து என்ற இடத்தில் சின்னவளின் கையெழுத்து. பெற்ற பெண்ணே சரக்கைத் திருப்பிவிட்டாள் என்ற சேதி தெருவின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அம்மா கல்லாவில் நின்று, தெருவே கேட்கச் சொன்னாள்: "இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது." ஆறு வருஷம் ஆகிறது. சொன்ன விலையிலிருந்து இறங்காதவள் என்றுதான் இந்தத் தெருவில் அம்மாவுக்கு மரியாதை.

நான் எப்போதாவது சின்னவளோடு போனில் பேசுவேன். அம்மாவைப் பற்றி அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன்.

"அம்மா, அட்ரஸ் குடுக்கறதுல என்ன போச்சு? பேசப் போறதில்லையே" என்றேன்.

"பதில் போடாதவங்களுக்கு அட்ரஸ் எதுக்கு?" என்றாள் அம்மா.

யார் எழுதி, யார் பதில் போடவில்லை? கேட்க வாயெடுத்தேன். பட்டன் ஜாடி வெளிச்சத்துக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. காலையிலேயே திருப்புளிக்காரி வந்தாள். அவள் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஒரு செங்கல் அளவு. கறுப்பு. ஒரு பச்சை விளக்கு.

"இவ்வளவுதானா? இதுலயா எல்லாம் அடங்கும்?"

"இதைப்போல அம்பது மடங்கு அடங்கும்மா."

"அப்ப இதுல பாதி சைஸ்ல வாங்கியிருந்தா விலை குறைஞ்சிருக்குமே."

திருப்புளிக்காரி மாடிக்குப் போனாள். முதலில் நாலு மெஷினையும் அந்தப் பெட்டியோடு இணைத்தாள். பிறகு வீட்டு மெஷினிலும் லேப்டாப்பிலும் இருந்த பழையவற்றை ஏற்றினாள். பத்தரை மணிக்குக் கிடங்குக்கு வந்து, "இப்ப பாருங்க" என்றாள்.

கிடங்கு மெஷினின் திரையில் அண்ணனின் கடிதங்கள் இருந்தன. அவன் வீட்டில் உட்கார்ந்து எழுதியவை, அவன் தோளோடு ஊர் ஊராகச் சுற்றியவை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "காப்பி எடுத்து இங்க போட்டுட்டியா?"

"இல்லம்மா. காப்பி இல்ல. மாடியில இருக்கறதைத்தான் பாக்கறீங்க."

"கல்லாவுல?"

"அங்கயும் இதேதான்."

"அப்ப இருப்பு ஒண்ணா, நாலா?"

"ஒண்ணுதான்."

"நாலு இடத்துல எடுத்துப் பாக்கலாம்?"

"பாக்கலாம்."

"ஒரு இடத்துல வித்துட்டா?"

"நாலு இடத்துலயும் காலியாயிடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகச் சரக்கை எண்ணுகிறவள் அவள். ஒரு மூட்டை கிடங்கில் இருந்தால் கடையில் இருக்காது, கடைக்கு வந்தால் கிடங்கில் குறையும். அவள் அறிந்த உலகம் இந்த ஒரு விதியின் மேல்தான் நின்றது. இவள் வந்து, ஒரே மூட்டை நாலு கதவுக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் இருக்கிறது, இருப்புக் கணக்கிலும் ஒன்றுதான் என்கிறாள். கள்ள நோட்டைப் பார்க்கிற பார்வையோடு அம்மா திரையில் ஒரு கடிதத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குச் சிவப்புக் கொடி போடச் சொன்னாள். "யாரும் அசையக் கூடாது" என்றாள். முழங்கால் வலியோடு சந்தைத் தாண்டி, ஷட்டருக்குக் கீழே குனிந்து, கல்லாவுக்குப் போனாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. போன் அடித்தது.

"டேய்."

"சொல்லும்மா."

"கொடி இருக்குடா."

அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. விலை கேட்காமல் ஒரு பொருளைப் பார்க்கிறவளின் குரல். பிறகு அவளே கல்லாவிலிருந்து கொடியை எடுத்தாள். இங்கே என் கண்ணெதிரே, யாரும் தொடாமல், சிவப்பு அணைந்தது. மறுபடி போட்டாள், எரிந்தது. மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவை போட்டாள். அவள் மூச்சு வாங்குவது போனில் கேட்டது. நான் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அதெல்லாம் அந்தக் கம்பிகளின் வேலை என்று தெரியும். தெரிந்தும்தான்.

அம்மா திரும்பி வருவதற்குள் திருப்புளிக்காரி கிடங்கு மெஷினின் பழைய கடிதங்களை எண்ண ஆரம்பித்திருந்தாள். அவள் யாருடைய கடிதத்தையும் திறப்பதில்லை. எண்ணிக்கை மட்டும் சொல்வாள்.

"வந்தது முன்னூத்தி நாலு. அனுப்பினது இருநூத்தி நாப்பது. அதுல இருநூத்தி முப்பத்தொண்ணு ஒரே அட்ரஸுக்கு."

திரையைப் பார்த்தேன். சின்னவளின் முகவரி. வரிசையாக, ஒவ்வொரு புதன்கிழமை மாலையும். புதன்தோறும் அம்மா கிடங்கில் தனியாக இரண்டு மணிநேரம் இருப்பு எண்ணுவாள். யாரும் குறுக்கே போகக் கூடாது. நான் திரும்பியபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"என்னம்மா இது?"

"இருப்புக் கணக்கு."

"இருநூத்தி முப்பத்தொரு இருப்புக் கணக்கா?"

அம்மா ஒரு நூல் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "பேச்சு கிடையாதுன்னுதான்டா சொன்னேன். எழுத்து கிடையாதுன்னு எவன்கிட்டயாவது சொன்னேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

சரக்கு திரும்பி வந்த எட்டாம் மாதம் எழுத ஆரம்பித்தாளாம். நாலரை வருஷம் எழுதினாளாம். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. போன வருஷம் நிறுத்திவிட்டாள்.

"முதல் கடுதாசியிலயே சொல்லிட்டேன். உன் அண்ணன்களுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா இந்தத் தெருவுல என் சொல்லுக்கு மதிப்பு இருக்காதுன்னு. அந்த ஒண்ணை மட்டும் ஒழுங்காக் காப்பாத்தியிருக்கா." பிறகு திருப்புளிக்காரியிடம் திரும்பி, "ஏம்மா, இதையெல்லாம் அந்தப் பெட்டியில ஏத்தாத. நாலு பேர் பாக்கற இடம் அது. அழிச்சிடு" என்றாள்.

"அம்மா, கொஞ்சம் பொறு" என்றேன்.

"எதுக்குப் பொறுக்கணும்? பதில் வராத சரக்கு. அழி."

"உங்க பேருல தனியா ஒரு அறை போட்டுத் தரேன். உங்க பாஸ்வேர்டு இல்லாம யாரும் பாக்க முடியாது" என்றாள் திருப்புளிக்காரி.

"வேணாம்."

"சரிம்மா. ஏத்தினாலும் அதே கூலி, அழிச்சாலும் அதே கூலி. பேசினது பேசினதுதான்."

அம்மா நிமிர்ந்தாள். காசு கொடுத்து ஒன்றுமில்லாததை வாங்குவது என்பது அவள் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

"அழிக்கறதுக்குமா காசு?"

"வேலைதானே?"

"அப்ப ஏத்து. தனி அறையில ஏத்து" என்றாள் அம்மா.

ஏறியது. திருப்புளிக்காரி எழுந்து கடைசி மெஷினுக்கு, கல்லாவுக்குப் போனாள். அங்கே எங்கள் கணக்கர் காத்திருந்தார். இருபத்தைந்து வருஷமாகச் சொன்னதைச் செய்கிறவர். சொல்லாததை ஒருநாளும் செய்ததில்லை. நானும் அம்மாவும் கிடங்கிலேயே இருந்தோம். அம்மாவின் அறை திரையில் திறந்திருந்தது. புதன், புதன், புதன். ஒரு கை மட்டும் தட்டுவது மாதிரி அவள் கடிதங்கள் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றைத் திறக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆகவே திறந்தேன். மூன்றாவது கடிதம்.

'இன்று திருப்பி வந்த பட்டனில் பத்தை ஒரு வெள்ளைத் துணியில் தைத்து வீட்டில் துவைத்துப் பார்த்தேன். துணி பச்சையாகிவிட்டது. நீ செய்தது சரி. இதை நான் வெளியே சொல்ல முடியாது. உனக்குச் சொல்லிவிட்டேன்.'

போன் அடித்தது. திருப்புளிக்காரி.

"இங்க ஒரு ஃபோல்டர் இருக்கு. வேண்டாதவைன்னு பேரு. இருநூத்தி நாப்பத்திரண்டு கடுதாசி, ஒண்ணைக்கூட யாரும் படிக்கல. எல்லாமே நீங்க பார்த்த அதே அட்ரஸ்லேர்ந்து வந்தது. எங்க போடட்டும்?"

நான் போனை அம்மாவின் காதில் வைத்தேன். அவள் கேட்டாள். "கணக்கரைக் கூப்பிடு" என்றாள்.

கணக்கரின் குரல் எனக்கும் கேட்டது. அவர் போனில் எப்போதும் எதிர்க்கரைக்குக் கூப்பிடுகிறவர் மாதிரிதான் பேசுவார். "முதலாளியம்மா, நீங்கதானே சொன்னீங்க, அவ பேர்ல எது வந்தாலும் என் கண்ணுல படக் கூடாதுன்னு? சரக்குத் திரும்பின அன்னிக்கே மெஷினுக்குச் சொல்லி வெச்சிட்டேன். அது வந்ததைத் தானே தூக்கி அதுல போட்டுடும்."

"திறந்து பாக்கலியா?"

"திறக்கச் சொல்லலியேம்மா."

"ஆறு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கண்ணுல பட்ட மாதிரிதானேம்மா?"

அம்மா கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்பட ஆள் இல்லை. உத்தரவு அவளுடையது. மனசு மாறியபோது உத்தரவை வாபஸ் வாங்கியிருக்கலாம். அதற்கு, சொன்ன விலையிலிருந்து இறங்கிவிட்டேன் என்று கணக்கரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் கிடங்குக்கு வந்து எழுதினாள். எழுதியது போய்ச் சேர்ந்தது. வந்த பதிலை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அள்ளும் கல்லா மெஷின் விழுங்கியது, எடுத்தவுடன் அழித்துவிடு என்று நாங்கள் அடித்த டிக்கின்படி. எங்கள் சிக்கனமும் எங்கள் வீறாப்பும் கூட்டு வியாபாரம் செய்திருக்கின்றன.

"ஏத்தும்மா" என்றாள் அம்மா போனில். மறுபடி சொன்னாள்: "என் அறையில ஏத்து."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நான் சந்தையில் வளர்ந்தவன். எதைப் பார்த்தாலும் இதற்கு என்ன தருவார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அன்று தோன்றவில்லை.

திரையில் அம்மாவின் கடிதங்கள் நின்றன. முதல் கடிதத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறந்தது. அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. சின்னவளின் பெயர், அடுத்த நாள் தேதி. பிறகு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இன்னொன்று. மூன்றுக்கும் நாலுக்கும். யாரும் அடுக்கவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் கல்லாவில் ஒருத்தி ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மாடியில் செங்கல் அளவு ஒரு பெட்டி. இங்கே ஐந்து வருஷம் தன்னைத் தானே கோத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தன் இடம் தெரிந்திருந்தது. புதன், வியாழன். புதன், வியாழன். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கண்ணால் தொடர முடியாத வேகத்தில், ஜிப்பை இழுத்தால் இரண்டு பக்கப் பற்களும் மாறிமாறி வந்து பூட்டிக்கொள்ளுமே, அப்படி. ஐந்து வருஷமாக யாரும் பார்க்காமல் இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு பாதி இந்தச் சந்தின் இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம். நடுவில் பதினெட்டு அடி. அந்தப் பதினெட்டு அடியைத்தான் நாங்கள் தினமும் நாற்பது தடவை நடந்தோம்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கோவிலிலும் உட்கார இடம் தேடுகிறவள். கை திரையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் நின்றது.

"நிக்கவே மாட்டேங்குதே" என்றாள்.

"இருநூத்தி நாப்பத்திரண்டும்மா."

"எண்ணினியா?"

"அது எண்ணுது."

நின்றது. மேலே ஒரு ஓரத்தில், படிக்காதவை 242 என்று இருந்தது. அம்மா அந்த மூன்று இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே மவுஸைப் பிடித்தாள். மூன்றாவது கடிதத்தின் கீழே இருந்ததைத் திறந்தாள். அது திறந்ததும் தடித்த எழுத்து மெலிந்தது, 242 என்பது 241 ஆயிற்று. ஐந்து வருஷம் திறக்காமல் கிடந்த ஒன்று, திறந்துவிட்டேன் என்று நாலு கதவுக்கும் சொல்லிவிட்டது.

'அம்மா, நீ துவைத்துப் பார்த்தது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நானும் என் அறையில்தான் முதலில் துவைத்தேன். மூன்று தடவை. சாயம் போகக் கூடாது, என் கண்ணில்தான் கோளாறு என்று ஆகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே துவைத்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?'

அடுத்தது அம்மாவுடையது. அதில் முழங்காலைப் பற்றி ஒன்றுமில்லை. ஜிப் விலை ஏறியதைப் பற்றி எழுதியிருந்தாள். அதற்குப் பதில்: 'ஜிப் விலை இங்கேயும் ஏறிவிட்டது. முழங்காலைப் பற்றிக் கேட்டேனே?' அடுத்து அம்மா: அண்ணனின் சோம்பேறித்தனம், ஒன்றரைப் பக்கம். பதில்: 'அவன் எப்போதும் அப்படித்தான். நீ என் கேள்விகளைப் படிக்கிறாயா, தாண்டிப் போகிறாயா?' நாற்பதாவது கடிதத்தை ஒட்டி அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். 'பதில் சொல்லாமலே எழுதுவதுதான் உன் கண்டிஷன் என்று புரிந்துகொண்டேன். பேரம் பேசப் போவதில்லை. கடை வாசலில் நின்று உள்ளே நீ பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அது போதும். ஆனால் நான் கேட்பதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.'

அப்படியே கேட்டிருந்தாள். ஒரு வாரம்கூட விடவில்லை.

"இங்க ஒண்ணு குறையுதே" என்றாள் அம்மா. எனக்குத் தெரியாத இடத்தில் அவளுக்குத் தெரிந்தது. மூட்டையைத் தொட்டே குறைச்சல் சொல்கிறவள். நூற்றுப் பதினேழாவது புதனுக்கு அடுத்து வியாழன் இல்லை. அந்த வருஷம் வீட்டு மெஷின் பழுதாகி, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். கல்லா மூச்சுவிட்ட ஒரு நொடியில் அந்தப் பழைய மெஷின் பொறுக்கிய ஒற்றைத் தானியம் அதுவாக இருக்க வேண்டும்.

"எடைக்கு என்ன குடுத்தான்?" என்று கேட்டாள்.

"நூத்தி இருபது."

எங்கள் குடும்பத்தில் இதைவிட மோசமான வியாபாரம் யாரும் செய்ததில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

கடைசிப் பன்னிரண்டு கடிதங்களுக்கு மேலே அம்மாவின் புதன்கள் இல்லை. அவள் நிறுத்திய பிறகு வந்தவை, மாதத்துக்கு ஒன்று. எல்லாமே சின்னவை. 'ஏன் நிறுத்திவிட்டாய்?' 'உடம்பு சரியில்லையா? அண்ணனிடம் கேட்கலாம் என்றால் வாக்கு கொடுத்திருக்கிறேன்.' போன வாரம் வந்தது: 'உங்கள் மெயில் கம்பெனி மூடப்போவதாகப் படித்தேன். புது முகவரி எனக்கு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் இது கடைசி. முழங்காலைப் பார்த்துக்கொள்.'

திருப்புளிக்காரி சந்தைத் தாண்டி வந்து கிடங்கு வாசலில் நின்றாள். கணக்கர் அவளுக்குப் பின்னால், உள்ளே வரச் சொல்லாததால் வெளியே. அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஏம்மா, இந்த அறையிலேர்ந்து நான் எழுதினா, பதில் எங்க வரும்?"

"இங்கதான் வரும். கல்லாவுல உக்காந்தாலும் வரும், வீட்டுல உக்காந்தாலும் வரும். எந்த மெஷினும் முழுங்காது."

"சத்தியமா?"

"மூணு தடவை கொடி போட்டுப் பார்த்தீங்களேம்மா."

அம்மா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். இரண்டு விரலால் தட்டுகிறவள். கால்மணி நேரம் ஆயிற்று. எழுதியது இவ்வளவுதான்: 'இது என் புது முகவரி. உன் கடிதங்கள் எல்லாம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தன. தப்பு என்னுடையது. இனி நாலு வாசலிலும் நீ தெரிவாய், யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. இடது முழங்கால் வலிக்கிறது. வலது பரவாயில்லை.'

அனுப்பினாள். அது அவள் கடிதங்களின் கீழே போய் நின்றது. வாசலில் நின்ற கணக்கரை, "உள்ள வாங்க" என்றாள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அவர் காதிலிருந்த பென்சிலை வாங்கி, கோடு போட்டு எழுதினாள்:

சின்னவளிடமிருந்து கைக்கு வந்தது: 242. கைக்கு வராமல் எடைக்குப் போனது: 1. பதில் போட்டது: 1. பாக்கி: 241.